நலங்கு வைக்காத கை

குழந்தை கத்திய கத்தலில், வரவேற்பறைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரம் தன் ஒலியைத் தானாகவே கூட்டிக்கொண்டது.

“பருவா? இனி தூயா!” என்று சுவர் முழுக்க ஒரு பெண் சிரித்தாள். குழந்தை அவளையும் மிஞ்சிக் கத்தியது.

உள்ளே டாக்டர் மாதங்கி பேனாவைக் கீழே வைத்தாள். இது தோல் வைத்தியம் பார்க்கிற இடம். குழந்தை டாக்டர் எதிர்ச் சாரியில் இருக்கிறார். யாரோ படி மாறி ஏறிவிட்டார்கள்.

மேஜையில் போன் ‘அம்மா’ என்று ஒளிர்ந்தது. திண்டுக்கல்லிலிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தால், ‘மூஞ்சி ஏன் வாடியிருக்கு?’ என்றுதான் பேச்சு தொடங்கும். மாதங்கியின் முகத்தைப் பற்றி அம்மா பேசலாம், பார்க்கலாம், தொடக் கூடாது. கல்லூரி நாளிலேயே மகள் போட்ட சட்டம் அது. “கை கழுவிட்டியாம்மா? மூஞ்சில வைக்காதே, பரு வரும்.” அம்மா அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. மாதங்கி போனைக் குப்புறப் போட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவள் இந்திராணி. அவளை மாதங்கிக்குத் தெரியும். போன மாதம்தான் அவளுடைய கடைசி மகள் ஆதிரையின் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். ஆதிரையின் முகத்தில் பருக்கள் கொப்புளித்துக் கிடந்ததை, முகூர்த்தத்துக்குள் துடைத்தெடுத்துக் கொடுத்த டாக்டரம்மாவுக்கு அங்கே ஏக மரியாதை.

இந்திராணிக்குப் பின்னால் நடு மகள் சிந்துஜா. அவள் தோளில் மூன்று மாத ஆண் குழந்தை, முகம் ரத்தச் சிவப்பாக, முஷ்டி இறுக்கி.

“குழந்தை டாக்டர் எதிர்ல இருக்காரேம்மா.”

“அவருதான் இங்க அனுப்புனாரு டாக்டர். புள்ளைக்கு ஒண்ணுமில்லையாம். தாயோட மார்ல சொறி கிறி எதும் இருக்கான்னு உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொன்னாரு.”

“பால் குடிக்க மாட்டேங்குறான்.” சிந்துஜாவின் குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது. “பக்கத்துல கொண்டுபோனாலே மூஞ்சியத் திருப்பிக்கிறான். பீச்சி பாட்டில்ல குடுத்தாலும் துப்புறான். பொறந்ததுலருந்து நல்லா குடிச்சுக்கிட்டிருந்த புள்ள டாக்டர். இப்ப நான் தூக்குனா, யாரோ புள்ள புடிக்கிறவ தூக்குன மாதிரி அலறுறான்.”

மாதங்கி பரிசோதித்தாள். சொறி இல்லை, வெடிப்பு இல்லை, சிவப்புத் தடிப்புகூட இல்லை. மேலே பார்த்தாள். அப்போதுதான் அந்த முகம் அவளுக்கு உறைத்தது.

பிள்ளை பெற்ற பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தூக்கம் கிடையாது, உடம்புக்குள் சுரப்பிகள் ஒரே கலாட்டா. தாடையோரம் நாலு பருவாவது இருக்கும். மூக்கில் எண்ணெய் வழியும். சிந்துஜாவின் முகமோ கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு.

“நீங்களும் தூயா போடுறீங்களா சிந்துஜா?”

“நானா? இல்லையே. ஆதிரைக்கு மட்டுந்தானே குடுத்தீங்க.”

இந்திராணி முந்திக்கொண்டாள். “அதத்தான் டாக்டர் சொல்ல வந்தேன். பெரிய அதிசயம்! நலங்கு வெச்சதுலருந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் மூஞ்சி பளபளன்னு ஆயிருச்சு. எம்மூஞ்சியப் பாருங்க. சம்பந்தி வீட்டுக்காரக, ஆதிரைக்கு அக்காவான்னு கேட்டாக! அம்மன் கண்ணைத் தொறந்துட்டா.”

மாதங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. “குழந்தையக் குடுங்க” என்று வாங்கினாள்.

அவள் கைக்கு மாறியதும் குழந்தை வில்லாக வளைந்தது. மூச்சு அடைத்து உதடு நீலம் பாரிக்கும் அளவுக்கு வீறிட்டது. எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய கை அவளுடையது. எந்தப் பிள்ளையும் இப்படி மிரண்டதில்லை.

கதவு மறுபடி திறந்தது.

“பாட்டில் பையக் கார்லயே விட்டுட்டீங்கம்மா.”

முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். நெற்றியில் பொட்டில்லை. தாடையில் சிவப்பாக ஒரு பரு.

குழந்தையின் அழுகை பாதியில் அறுந்தது.

அறையில் திடீரென்று குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது. குழந்தை தலையை அந்தப் பக்கம் திருப்பி, மூக்கை உறிஞ்சி, கையை நீட்டியது. அவள் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள். கழுத்து மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு விக்கல். பிறகு அமைதி. அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வாயில் வைத்தாள். துப்பிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

சிந்துஜா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது நிம்மதியல்ல.

“உன்னைய யாருடி மேல வரச் சொன்னா? கீழதானே உக்காரச் சொன்னேன்!” இந்திராணி குழந்தையைப் பிடுங்கினாள். பாட்டில் உருண்டது. அலறல் மறுபடி தொடங்கியது.

“யாரும்மா இவங்க?”

“மூத்தவ.”

அதற்கு மேல் சொல்ல இந்திராணிக்கு மனமில்லை. சிந்துஜாதான் சொன்னாள். “தேன்மொழி அக்கா. மாமா டெங்குல போனதுக்கப்புறம் எங்க வீட்லதான் இருக்கு.”

மாதங்கிக்கு நினைவு வந்தது. நலங்கு அன்றைக்கு அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கம் தாம்பூலத் தட்டோடு நின்றிருந்த பெண். ‘டாக்டரம்மா, வாங்க, நீங்க வைங்க’ என்று கூடத்தில் எல்லாரும் கூப்பிட, மாதங்கி அவளைக் கடந்துதான் போனாள். ஆட்டோ ஆளில்லாமல் ஓடுகிற காலம். சுவர் பேசுகிற காலம். அந்த நிலைப்படி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“இது கண்ணுதான் எல்லாத்துக்கும் காரணம் டாக்டர்” என்றாள் இந்திராணி, பெற்ற மகளை வைத்துக்கொண்டே. “தனக்கு ஒண்ணு இல்லையேங்குற ஏக்கம். என்னமோ செஞ்சு புள்ளைய மயக்கி வெச்சிருக்கா.”

தேன்மொழி தரையில் கிடந்த பாட்டிலை எடுத்துத் துடைத்தாள். “ஆமாம்மா. காலேஜ்ல அதத்தான் படிச்சேன்” என்றாள்.

மாதங்கி கையுறையை மாட்டிக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கைவிளக்கை எடுத்தாள். “எல்லாரும் அப்படியே இருங்க. அறை லைட்டை அணைக்கப் போறேன்.”

“எதுக்கு டாக்டர்?”

“எல்லாரு தோல்லயும் பருக் கிருமி இருக்கும்மா. இந்த விளக்கோட வெளிச்சத்துல அது ஆரஞ்சா மின்னும். தூயாங்குறது ஆய்வுக்கூடத்துல செஞ்ச வேற ஒரு கிருமி. பழசை வெரட்டிட்டு அந்த எடத்துல இது குடியேறிக்கும். சரியா குடியேறிருச்சான்னு நாங்க பாக்குறதுக்காக அதுக்குப் பச்சை நெறம் குடுத்திருக்காங்க.”

அறை இருண்டது. விளக்கின் ஊதா வெளிச்சம் சிந்துஜாவின் மேல் விழுந்தது.

பச்சை. கன்னம், கழுத்து, மார்பு, எல்லாம் பாசி படிந்த குளத்துத் தண்ணீர் போல. இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், புறங்கையிலும், பாதத்திலும் மட்டும் இன்னும் அடர்த்தி. நலங்கு வைக்கிற இடங்கள்.

“அய்யோ, என்னடி இது!” என்று கத்திய இந்திராணியின் பக்கம் விளக்கு திரும்பியது. அங்கேயும் பச்சை. வாயும் கண்ணும் மட்டும் கறுப்புக் குழிகள்.

மாதங்கி விளக்கை மூலைக்குத் திருப்பினாள். தேன்மொழியின் முகத்தில் மூக்கிலும் தாடையிலும் நெற்றியிலும் குட்டிக் குட்டியாக ஆரஞ்சுப் புள்ளிகள், கார்த்திகைக்கு வாசலெல்லாம் வைத்த அகல் மாதிரி.

அந்த அறையில் மனித முகம் அது ஒன்றுதான்.

*

“தொத்தவே தொத்தாது மேடம்” என்றான் கீர்த்திவாசன். தூயாவைச் செய்த நிறுவனத்தில் விஞ்ஞானி. மாதங்கியைவிடப் பத்து வயது சின்னவன். திரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். “தோலை விட்டு வெளிய வந்தா காத்துல காஞ்சு செத்துரும். கை குலுக்க வெச்சு, கன்னத்தோட கன்னம் ஒரச வெச்சு, எல்லாம் சோதிச்சாச்சு.”

“நலங்கு வெச்சு சோதிச்சீங்களா?”

“என்ன வெச்சு?”

“நல்லெண்ணெய்ல கொழைச்ச மஞ்சள், சந்தனம். ஒரே கிண்ணம். ஒருத்தி கைய முக்கி பொண்ணு கன்னத்துல தடவுறா. அதே கைய மறுபடி முக்கி தன் கன்னத்துல, பக்கத்துல நிக்கிறவ கன்னத்துல, சிரிச்சுக்கிட்டே எல்லாரும் எல்லாரு மேலயும். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கிண்ணம் காயவே இல்ல கீர்த்தி.”

அவன் காப்பியைக் கீழே வைத்தான். “எண்ணெய்க்குள்ள இருந்தா சாகாதுதான். ஆனா மஞ்சள் இருக்கே மேடம்? மஞ்சள் கொன்னு...”

நிறுத்தினான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

தூயா இந்த ஊருக்கு வருமுன் ஆலோசனை சொன்ன டாக்டர்களில் மாதங்கியும் ஒருத்தி. கூட்டத்தில் எழுந்து அவள் சொன்னதற்கு எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். ‘எங்க ஊர்ப் பொம்பளைங்களை மஞ்சள் பூசாதீங்கன்னு சொல்ல முடியாது. சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மஞ்சளுக்குச் சாகாத கிருமியா செஞ்சு குடுங்க.’ செய்து கொடுத்தார்கள்.

“நீங்க கேட்டதுதான் மேடம்” என்றான் கீர்த்தி, மெல்ல.

“தெரியும்” என்றாள் மாதங்கி. “குழந்தை ஏன் அழுவுது? அதச் சொல்லு.”

“எனக்குப் புரியற வரைக்கும் சொல்றேன். வேர்வைக்குன்னு தனியா வாசனை கிடையாது. தோல்ல இருக்குற கிருமிங்கதான் அதை மனுஷ வாசனையா ஆக்குது. ஒவ்வொருத்தர் தோட்டமும் வேற வேற. தூயா அந்தத் தோட்டத்தையே அழிச்சிருது. அதைப் போட்டவங்களுக்கு வாசனையே இருக்காது. விளம்பரத்துல நாங்க அதப் பெருமையாத்தான் சொன்னோம், ‘நாள் முழுக்கப் புத்துணர்ச்சி’ன்னு.”

“அப்ப குழந்தைக்கு...”

“அதுக்குக் கண்ணு தெரியும். ஆனா அது நம்புறது மூக்கைத்தான். அம்மா மொகம் இருக்கு, அம்மா குரல் இருக்கு, அம்மா இல்ல. நமக்கே அப்படி ஒருத்தர் எதிர்ல வந்து நின்னா பயந்துருவோம் மேடம்.”

“பால் குடுக்குற தாய்மார்களை வெச்சு சோதிக்கலையா?”

“அவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதிட்டோம். அதனால சோதிக்கல.”

மாதங்கி கண்ணை மூடிக்கொண்டாள். “மாத்தறதுக்கு வழி?”

“தூயாவைக் கொல்ல மருந்து இருக்கு. ஆனா அப்புறம் வெறுந்தரைதான். பழைய தோட்டத்தைத் திரும்ப நடணும். அவங்களோட பழைய கிருமி எங்கேயும் எடுத்து வெச்சிருக்காது. அதுக்குக் கிட்டத்துலன்னா, ஒரே வயித்துல பொறந்து, ஒரே வீட்ல பொழங்குற பொண்ணு. தூயா படாத பொண்ணு. அப்படி யாரும் மிஞ்சியிருக்க மாட்டாங்களே?”

“ஒருத்தங்க இருக்காங்க.”

“அதிர்ஷ்டம்தான்! எப்படித் தப்பிச்சாங்க?”

“தொட விடல.”

கீர்த்திக்குப் புரியவில்லை. அவன் வேறொன்றைக் கேட்டான். “மேடம், நீங்க அந்த நலங்குக்குப் போயிருந்தீங்களா?”

மாதங்கி இணைப்பைத் துண்டித்தாள்.

*

அன்றைக்கு அவர்கள் கிளம்பும்போது மாதங்கி இந்திராணியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “இப்போதைக்கு தேன்மொழிதான் குழந்தைய வெச்சுக்கணும். பாட்டில் பாலும் அவங்கதான் குடுக்கணும். பச்சை பச்சையா பாத்தீங்கல்ல? அதுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்ல.” இந்திராணி தலையாட்டினாள். ஆட்டிய விதமே சரியில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சிந்துஜா போனில் வந்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

“புள்ளையச் சேத்துட்டோம் டாக்டர். நரம்புல ஊசி குத்தித் தண்ணி ஏத்துறாங்க. அழக்கூட சத்து இல்ல.”

“தேன்மொழி எங்க?”

“அது வந்து டாக்டர்...”

“சிந்துஜா, அக்கா எங்க?”

“அம்மா அனுப்பிட்டாங்க. நாகர்கோவில்ல ஏதோ மகளிர் விடுதியாம். புள்ளைய மயக்கி வெச்சிருக்கா, இவ கண்ணுல இல்லாம போனா சரியாயிரும்னு... இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்புச்சு. நானும் ஒண்ணும் சொல்லல டாக்டர்.” அவள் குரல் உடைந்தது. “எம்புள்ள அதுகிட்ட மட்டும் போறானேன்னு எனக்கும் ஆத்திரமா இருந்துச்சு.”

மாதங்கி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். வாசலில் நின்ற ஆட்டோவில் பாய்ந்து, “மாட்டுத்தாவணி! வேகமா!” என்றாள்.

“வணக்கம். இந்தச் சாலையில் வேக வரம்பு முப்பது கிலோமீட்டர்” என்றது ஆட்டோ. “தங்கள் பொறுமைக்கு நன்றி.”

“ஆஸ்பத்திரி அவசரம்!”

“மாட்டுத்தாவணி மருத்துவமனை அல்ல. பேருந்து நிலையம்.”

ஓட்டுகிற ஆள் ஒருவன் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாதங்கி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாகர்கோவில் வண்டி கிளம்பும் தறுவாயில் இருந்தது. ஜன்னலோரம் தேன்மொழி. மடியில் ஒரே ஒரு பை. வெள்ளைக் கோட்டோடு மூச்சிரைக்க ஏறியவளைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது. தாடைப் பருவைத் தொட்டுக் காட்டினாள்.

“என்ன டாக்டர், இதுக்கு மருந்து விக்க பஸ் வரைக்கும் வந்துட்டீங்களா?”

“அந்தப் பருதாங்க எனக்கு வேணும்.”

மாதங்கி பக்கத்து இருக்கையில் விழுந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணத்தை, எண்ணெயை, மஞ்சளுக்குச் சாகாத கிருமியை, அதைக் கேட்டு வாங்கியது தான்தான் என்பதை. முன் இருக்கைக்காரர் தினசரியை மடக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப இந்தக் கை பட்டாத்தான் எந்தங்கச்சி புள்ள பொழைப்பானா?”

“ஆமா.”

“அன்னைக்கு அடுப்படி நிலையில நின்னுக்கிட்டிருந்தேன். நீங்ககூட பாத்தீங்க. பாத்துட்டு சந்தனத்துக்குப் போயிட்டீங்க.”

“எறங்குறவுக எறங்கிக்கங்கம்மா! வண்டி எடுக்கப் போறோம்!” நடத்துநர் கதவைத் தட்டினார்.

“பஞ்சுல தொடைச்சு எடுத்தாப் போதும்” என்றாள் மாதங்கி அவசரமாக. “நீங்க வீட்டுக்கு வரக்கூட வேணாம். உங்கம்மா மொகத்துல முழிக்கக்கூட வேணாம். நானே எடுத்துட்டுப் போய்...”

“போய், ஒரு புட்டியில ஊத்தி, யாருதுன்னு சொல்லாம பூசுவீங்க. எங்கம்மாவும் அம்மன் கண்ணைத் தொறந்துட்டான்னு சொல்லிரும்.” தேன்மொழி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அதெல்லாம் வேணாம். அந்தச் சந்தனக் கிண்ணத்தை எங்கம்மா என் கையில குடுக்கணும்.”

“குடுக்கலைன்னா?”

“குடுக்கலைன்னாலும் பூசத்தான் போறேன். பட்டினி கெடக்குறது எம்புள்ளையாச்சே.” படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “கேட்டாச்சும் பாக்கணும்ல டாக்டர்?”

*

ஆஸ்பத்திரி அறையில் மாதங்கி இந்திராணிக்கு எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை விளக்கைக் கையிலேயே கொடுத்துவிட்டாள். இந்திராணி தன் உள்ளங்கையின் மேல் அடித்தாள். பச்சை. தூங்கும் பேரன் கன்னத்தில் அடித்தாள். அங்கே, நலங்கு அன்றைக்கு மஞ்சள் எண்ணெய்க் கையோடு தான் கொஞ்சிக் கொஞ்சிக் கிள்ளிய இடத்தில், பச்சையாக இரண்டு விரல் தடம்.

விளக்கு கை நழுவிக் கட்டில் மேல் விழுந்தது.

“நான் ஆசையா வெச்ச மஞ்சளா எம்பேரனப் பட்டினி போட்டுச்சு?”

தேன்மொழி கதவுக்கு வெளியே, வராந்தாவில் நின்றாள். யாரும் சொல்லாமலே நிலைக்கு அந்தப் பக்கம் நிற்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

“மருந்து போட்டு சிந்துஜா உடம்புல இருக்குறதைக் கொன்னுடுவேன்” என்றாள் மாதங்கி. “அப்புறம் தேன்மொழி தன் மொகத்தையும் கழுத்தையும் எண்ணெயில தடவி, அந்த எண்ணெயைத் தங்கச்சிக்குத் தேய்ச்சு விடணும். தெனமும். மஞ்சள் கூடாது. மஞ்சள் போட்டா இவங்களோட கிருமி செத்துரும். அவங்க ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க இந்திராணியம்மா. நலங்குக் கிண்ணத்தை நீங்க எடுத்துக் குடுக்கணுமாம்.”

இந்திராணி வேகமாக எழுந்து போனாள். தேன்மொழியைத் தாண்டும்போது நிமிரவில்லை.

“போயிட்டாங்க” என்றாள் சிந்துஜா பயத்தோடு.

“வருவாங்க” என்றாள் தேன்மொழி.

வந்தாள். பித்தளைத் தூக்கில் நல்லெண்ணெய். முந்தானைக்குள் அந்த வெள்ளிக் கிண்ணம். அது புகைந்து கறுத்திருந்தது. கிருமி சாகட்டும் என்று அடுப்பில் வைத்துக் காய்ச்சியிருக்கிறாள். நிலைப்படியில் நின்று, கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“வையி, தேனு.”

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ, தேன்மொழி கிண்ணத்தை உடனே வாங்கவில்லை. அம்மாவின் பீங்கான் முகத்தையே பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டு நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள்.

உடனே எதுவும் நடக்கவில்லை. மாதங்கி அதை முன்பே சொல்லியிருந்தாள். குழந்தை தேன்மொழியின் மடியில் கிடந்து பாட்டிலில் குடித்தான். சிந்துஜா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, நிறைந்து கட்டிய மார்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிரை புகுந்த வீட்டிலிருந்து ஓடி வந்து, எனக்கும் வையி அக்கா என்று முகத்தை நீட்டினாள்.

“உனக்குப் பரு வரும்டி. கல்யாண ஆல்பமே இன்னும் வரல” என்றாள் தேன்மொழி.

“வரட்டும். அவரு பக்கத்துலயே படுக்க மாட்டேங்குறாரு. பொம்மையக் கட்டிப் புடிச்ச மாதிரி இருக்குங்குறாரு.” சிரித்துக்கொண்டே சொன்னவள் முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலை மாதங்கிக்குப் போன் வந்தது. எடுத்ததும் இந்திராணியின் கூப்பாடு.

“டாக்டர்! பரு வந்துருச்சு! சிந்துஜா தாடையில, இத்தாத்தண்டி!”

ஒரு பரு வந்த சேதியை இவ்வளவு சந்தோஷமாக மாதங்கியிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது அறையில் ஒருத்தரும் பேசவில்லை. சிந்துஜாவின் மார்பில் முகம் புதைத்து, கண் சொருகி, குழந்தை சப்பிக் குடிக்கிற சத்தம் மட்டும். சிந்துஜா அசையவே பயந்து கல்லாக உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மட்டும் குழந்தையின் தலையில் சொட்டியது.

இந்திராணி மூத்த மகள் முன்னால் தரையில் உட்கார்ந்து, கன்னத்தைக் காட்டினாள்.

“எனக்கும் வையி.”

“இந்த வயசுல பரு வந்தா சம்பந்தியம்மா சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும்டி.”

தேன்மொழி கிண்ணத்தில் விரலை முக்கினாள். அம்மாவின் கன்னம் வரை கொண்டுபோன கையை அங்கேயே நிறுத்தி, “நிமிருங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

*

மாதங்கி முதல் வேலையாக வரவேற்பறைச் சுவரில் ஓடிய விளம்பரத்தை நிறுத்தினாள். தூயா பற்றிச் சுகாதாரத் துறைக்கு எழுதினாள், தன் பெயரையும் சேர்த்து. அன்றைக்கே போன்கள் வரத் தொடங்கின. அது முகூர்த்தங்கள் மண்டிய மாதம். தூயா போட்ட மணப்பெண்கள் மதுரையில் மட்டுமா இருந்தார்கள்? மேலூரிலிருந்து ஒரு தாய், குழந்தை கடிக்கிறது என்றாள். தேனியிலிருந்து ஒருத்தி, மூன்று வயது மகள் தன்னைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிகிறாள் என்றாள்.

மாதங்கி எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“உங்க வீட்டு நலங்குல யாரைத் தள்ளி வெச்சீங்க?”

யாரும், அப்படி யாருமில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெயர் வரும். அத்தை, சின்னம்மா, அக்கா. சிலர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, அவுக இப்ப எங்க இருக்காகன்னு தெரியலையே டாக்டர் என்று அழுதார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். ஐந்து வயது மகள் நித்திலா கூடத்தில் அப்பாவின் மடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். “செல்லம், அம்மாகிட்ட வா” என்றதற்கு, வழக்கம் போல் அப்பாவின் சட்டைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வளர்கிறாள், வெட்கம் என்று மாதங்கி தனக்குத் தானே சொல்லி வந்திருந்தாள்.

குளியலறைக் கதவைத் தாழிட்டாள். பையிலிருந்து விளக்கை எடுத்தாள். நலங்குக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கையுறை இல்லாமல் அவள் அதைப் பிடித்ததில்லை. தன் மேல் அடித்துப் பார்த்ததும் இல்லை.

கண்ணாடியில் பச்சை முகம் ஒன்று அவளைப் பார்த்தது. இரண்டு கன்னத்திலும் அடர்த்தி.

அவளுக்கு அக்கா இல்லை, தங்கை இல்லை. உங்க வீட்டில் யாரைத் தள்ளி வெச்சீங்க?

குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். முதல் மணியிலேயே அம்மாவின் முகம் திரையில் வந்தது.

“என்ன மாது, நீயே கூப்புடுறே? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?”

“அம்மா, நீ இங்க வர முடியுமா? கொஞ்ச நாள் என்கூட இருக்கணும்.” வார்த்தை திக்கியது. “தெனமும் என் மொகத்துல கை வெக்கணும்.”

திண்டுக்கல்லில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிச் சத்தம் கேட்டது. அம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வெகு ஜாக்கிரதையாக ஒன்றை மட்டும் கேட்டாள்.

“சோப்புப் போட்டுக் கழுவிட்டு வெக்கணுமாம்மா?”

“வேணாம்மா” என்றாள் மாதங்கி. “கழுவாம வா.”